ஜப்பானிய லிமிடெட் எடிஷன் பேனா சேர்க்க ஆசையா? முதலில் சாதாரணப் பேனா ஒன்று வாங்குங்கள்

ஜப்பானின் செய்லர் நிறுவனம் செய்யும் புரோ கியர் என்ற மைப்பேனா இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஆண்டு முழுக்கக் கடையில் கிடைக்கும் கறுப்பு. இன்னொன்று ஜப்பானில் ஏதோ ஓர் ஊர்க் கடைக்காகக் கொஞ்சமாகச் செய்த அந்தி வானத்து நிறம். இரண்டாவதற்கு விலை கூடுதல்; விற்றுத் தீர்ந்தபின் இன்னும் கூடுதல். இப்போது மூடியைக் கழற்றுங்கள். இரண்டிலும் அதே 21 காரட் தங்க நிப், அடியில் நிப்புக்கு மை கொண்டுவரும் அதே கட்டை, உள்ளே மையை உறிஞ்சி வைக்கும் அதே கன்வர்ட்டர். கண்ணைக் கட்டிவிட்டு எழுதச் சொன்னால் எது எது என்று அதைச் செய்தவராலேயே சொல்ல முடியாது.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ‘லிமிடெட்’ என்பது பேனாவை விற்கும் விதம். எழுதும் விதத்துக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. மரப்பாலால் பூச்சுப் போட்ட அரக்குப் பேனாக்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றைப் பற்றிப் பின்னால் நிறையவே பேசப்போகிறேன். ஆகவே எழுத்தை ஒரு பேனாவில் கற்றுக்கொண்டு, நிறத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் அடுத்த பேனாவில் காசு கொடுப்பதுதான் நல்ல வரிசை. நான் தலைகீழாகத்தான் தொடங்கினேன். செலவுக் கணக்கை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

படி 1: மூன்று வீடுகளின் கையெழுத்து

ஜப்பானில் பெரிய பேனா வீடுகள், அதாவது நிறுவனங்கள், மூன்று. 1911இல் ஹிரோஷிமா மாவட்டத்துக் குரே நகரில் தொடங்கிய செய்லர், 1918இல் நமிக்கி என்ற பெயரில் தொடங்கி 1938இல் பெயர் மாற்றிக்கொண்ட பைலட், 1919இல் தொடங்கிய பிளாட்டினம். மூன்றும் நிப்பைத் தாங்களே செய்கின்றன. அதனால் மூன்றின் கைப்பழக்கமும் வேறு. செய்லர் நிப் தாளில் லேசாக உரசும், கூர்சீவிய பென்சில் போல. சிலருக்கு அது உயிர், சிலருக்கு எரிச்சல். பைலட் வழுக்கிக்கொண்டு ஓடும். பிளாட்டினம் விறைப்பு, அழுத்தினாலும் வளைந்து கொடுக்காது, சின்ன எழுத்துக்காரர்களுக்குப் பிடித்துவிடும். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இல்லை. நண்பர் யாரிடமாவது இருந்தால் மூன்றையும் வாங்கி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

தொடங்க ஏற்ற சாதாரண மாடல்கள்: பைலட் கஸ்டம் 74, செய்லர் புரோ கியர் ஸ்லிம், பிளாட்டினம் 3776 செஞ்சுரி. மூன்றிலும் 14 காரட் தங்க நிப்.

பைலட்டின் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பிற்பாடு பயன்படும். கஸ்டம் 74 என்றால் நிறுவனம் தொடங்கிய 74ஆம் ஆண்டில், அதாவது 1992இல் வந்த மாடல். 743 என்றால் அதே வரிசையில் வெளிவந்தபோது 30,000 யென் விலையுள்ளது. 823 என்றால் 82ஆம் ஆண்டு, 2000, அதுவும் 30,000. அரக்குப் பூச்சோடு வந்த 845, 84ஆம் ஆண்டின் 50,000 யென் பேனா. இன்றைய விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை, விலை ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. ஆனால் பழைய பேனா விற்கிறவர் ‘எழுபதுகளின் 743’ என்று சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

பிளாட்டினத்தின் 3776 என்பது ஃபூஜி மலையின் உயரம், மீட்டரில். முதல் 3776 வந்தது 1978இல். இப்போது விற்கும் செஞ்சுரி 2011இல் வந்தது. அதன் மூடிக்குள் சுருள்வில்லோடு ஓர் உள்மூடி இருக்கிறது. இரண்டு ஆண்டு எழுதாமல் வைத்தாலும் மை காயாது என்று நிறுவனமே சொல்கிறது. பத்துப் பேனா வைத்துக்கொண்டு இரண்டில் மட்டும் எழுதுகிற நம் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து நிப்பின் அகலம். எஃப் என்றால் மெல்லியது, எம் நடுத்தரம், எம்எஃப் இரண்டுக்கும் இடையில், பி தடித்தது. ஜப்பானிய எஃப், ஐரோப்பிய எஃப்பை விட ஏறத்தாழ ஒரு படி மெல்லியது. ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருபது கோடுள்ள ‘கான்ஜி’ என்ற சீனவழி எழுத்தை எழுதவேண்டிய ஊர் அது. நமக்கு வேறு பிரச்சினை: சுழி. ண, ஞ, னை, ணை என்று எழுதும்போது சுழிக்குள் வெள்ளை தெரிய வேண்டும். நடுத்தர அளவில் எழுதுகிறவருக்கு எஃப் அல்லது எம்எஃப் போதும். பி, மியூசிக், ஸூம் போன்ற தடித்த நிப்புகள் பார்க்க அழகு. நம் வழக்கமான நோட்டுத் தாளில் தமிழ் எழுதினால் சுழியெல்லாம் மைப்பொட்டாகிவிடும். லிமிடெட் பேனாக்களில் எல்லா நிப்பும் கிடைக்காது, எம் மட்டும்தான் மிச்சம் என்பார்கள். உங்கள் கைக்கு எம் ஒத்துவருமா என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த நிமிடத்தில் தடுமாற மாட்டீர்கள்.

இந்த முதல் பேனாவை மூன்று மாதம் எழுதுங்கள். அதற்குள் ஆசை அடங்கிவிட்டால் லாபம்.

படி 2: ‘கென்தெய்’ என்றால் எந்தக் கென்தெய்?

வரம்புக்கு உட்பட்டது என்பதற்கு ஜப்பானியச் சொல் கென்தெய். பேனா விளம்பரத்தில் இந்தச் சொல்லைக் கண்டதும் கை பரபரக்கும். அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் சொல்லைப் பாருங்கள்.

சூர்யோ கென்தெய் என்றால் எண்ணிக்கை வரம்பு. இத்தனைதான், அதற்கு மேல் இல்லை. பேனாவிலேயே வரிசை எண் பொறித்திருக்கலாம். பிளாட்டினம் 2011இல் செஞ்சுரியை வெளியிட்டபோது ‘மோட்டோசு’ என்ற ஒளி ஊடுருவும் பேனாவை 2011 எண்ணிக்கையில் செய்தது நல்ல எடுத்துக்காட்டு. கிகான் கென்தெய் என்றால் கால வரம்பு. இந்தப் பருவம் முடியும்வரை எத்தனை விற்றாலும் விற்பார்கள். எண்ணிக்கை பல ஆயிரமாகவும் இருக்கலாம். தென்போ கென்தெய் என்றால் இந்தக் கடையில் மட்டும். அந்தக் கடையே நிறுவனத்திடம் சொல்லிச் செய்வித்தால் அது பெச்சூ. ஜுச்சூ செய்சான் என்றால் ஆர்டர் எடுத்துக்கொண்டு செய்வது. இதில் அரிது என்ற பேச்சே இல்லை, காத்திருப்பு மட்டும்தான்.

சேகரிப்பில் சுவை அதிகம் உள்ளது கடைப் பேனாக்களில்தான் என்பது என் கட்சி. கோபேயின் நாகாசாவா 1882இல் தொடங்கிய எழுதுபொருள் கடை. தன் ஊரின் தெருக்களையும் இடங்களையும் மையாக்கி விற்கிறது, அதற்கேற்ற பேனாவும் செய்விக்கிறது. ஹமமாட்சுவில் பிறந்த புங்குபாக்ஸ், செய்லரிடம் செய்விக்கும் நிறங்களுக்குப் பெயர்போனது. தோக்கியோ ஷிஞ்சுகுவின் கிங்டம் நோட் பழைய பேனா விற்கும் கடை. பறவை, பூச்சி என்று வரிசை போட்டு ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பேனா கொண்டுவந்தது. சிட்டுக்குருவியின் பழுப்பும் வெள்ளையும் ஒரு பேனாவில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எண்ணிக்கை குறைவு என்பதாலேயே விலை ஏறும் என்று நினைக்க வேண்டாம். யாருக்கும் பிடிக்காத நிறத்தை நூறு மட்டும் செய்தாலும் பிடிக்காத நிறம்தான். செய்லர் ஆண்டுக்கு எத்தனை சிறப்பு நிறம் வெளியிடுகிறது என்று எண்ணி முடிக்கவே முடியாது. பணம் பெருகும் என்று பேனா வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை, தங்கக் காசு வாங்குங்கள். நிப்பில் இருப்பதைவிடப் பல மடங்கு தங்கம் அதில் இருக்கும்.

படி 3: ஒரு நூலைப் பிடியுங்கள்

எல்லாம் அழகாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் வாங்கினால் அது சேகரிப்பு ஆகாது, சரக்கு ஆகும். ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் ‘வேண்டாம்’ என்று சொல்வது எளிது.

முடிவுள்ள வரிசை புதியவர்களுக்கு நல்லது. மோட்டோசு என்பது ஃபூஜி அடிவாரத்து ஐந்து ஏரிகளில் ஒன்று. 2004இல் வந்த ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கத்தில் ஃபூஜி தலைகீழாகத் தெரிவது இந்த ஏரியில்தான். பிளாட்டினம் அதைத் தொடர்ந்து ஷோஜி, சாய், யமனகா, கவகுச்சி என்று ஐந்து ஏரிகளுக்கும் பேனா செய்து முடித்தது. ஐந்தோடு முடிந்தது. ஐந்தும் உங்களிடம் இருந்தால் வேலை தீர்ந்தது; அதுவே ஒரு நிம்மதி. (மோட்டோசு இப்போது கிடைப்பது குதிரைக்கொம்பு. அதிலிருந்து தொடங்காதீர்கள்.)

அல்லது ஒரே மாடல், பல நிறம். அல்லது ஒரே ஊர். அல்லது ஒரே பொருள்: பழைய வகைப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டு மட்டும், கெட்டிப்படுத்திய ரப்பரான எபோனைட் மட்டும். பிளாட்டினத்தின் கோய் மீன், சகுரா, இஷிகாகி செல்லுலாய்டு பேனாக்கள் வேறு எந்த பிளாஸ்டிக்கிலும் வராத ஆழம் உள்ளவை. எபோனைட் பக்கம் போனால் தோக்கியோவின் அராகாவாவில் நிக்கோ எபோனைட் என்ற நிறுவனம் இருக்கிறது. ஜப்பானில் எபோனைட் செய்வது அது ஒன்றுதான். தன் கம்பிகளைக் கடைந்து தானே பேனாவும் விற்கிறது. திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் கடைந்த எபோனைட் பேனா வைத்திருப்பவர்களுக்கு அந்த ரப்பர் வாசனை உடனே பிடிபடும்.

படி 4: அரக்கு

இங்கேதான் நான் முதலில் சொன்ன விதி உடைகிறது. அரக்குப் பேனாவில் நிறம் என்பது மேல்பூச்சு இல்லை, வேலையே அதுதான்.

உருஷி என்ற ஜப்பானிய அரக்கு ஒரு மரத்தின் பால். நம் ஊர்ச் சேராங்கொட்டை, முந்திரி, மா எல்லாம் அந்த மரத்தின் சொந்தக்காரர்கள். சலவைத் தொழிலாளர் துணியில் குறி போட்ட சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மாங்காய்ப் பால் பட்ட உதடு புண்ணாகும் அல்லவா? பச்சை உருஷியும் அப்படித்தான். வேலை கற்கும் பிள்ளைகள் முதலில் படுவது அந்த அரிப்பைத்தான். இறுகியபின் ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம்.

அது காய்ந்து இறுகுவதில்லை. ஈரக்காற்றில் இறுகுகிறது. 20 முதல் 30 டிகிரி வெப்பமும் 70, 80 சதவீதம் ஈரப்பதமும் உள்ள அலமாரிக்குள் பேனாவை வைக்கிறார்கள். ஒரு பூச்சு, இறுகல், தேய்ப்பு, மறுபடி பூச்சு. இதனால்தான் ஒரு பேனாவுக்கு மாதக்கணக்கில் ஆகிறது. இறுகியபின்னும் அது மாறிக்கொண்டே இருக்கும். தமேநூரி என்ற முறையில் சிவப்பின் மேல் தேன்நிற உருஷியைப் பூசுவார்கள். ஆண்டுகள் போகப் போக மேல்பூச்சு தெளிந்து, விளிம்புகளில் சிவப்பு மெல்ல மேலே வரும். பிளாட்டினத்தின் கிளையாக 1999இல் தொடங்கிய நகாயா இந்த வகைக்குப் பெயர்பெற்றது. அதன் பேனாக்களில் இருப்பது நோட்டோ தீபகற்பத்து வாஜிமா நகரின் அரக்கு வேலை. 2024 ஜனவரி 1இல் நிலநடுக்கம் அந்த ஊரைச் சிதைத்தது. பட்டறைகள் எரிந்தன, இடிந்தன. வாஜிமா வேலைக்கு ஆர்டர் கொடுக்கிறவர்கள் தாமதத்துக்கு முணுமுணுக்க வேண்டாம்.

அரக்கு ஈரமாக இருக்கும்போதே பொன்தூளைத் தூவிப் படம் வரைவது மாக்கி-எ. தூவிய படம் என்றே பொருள். மூன்று வகை தெரிந்தால் போதும். தட்டையாக வரைவது ஹிரா. படத்தின் மேல் மறுபடி அரக்கு பூசி, கரியால் தேய்த்துப் படத்தை வெளியே கொண்டுவருவது தோகிதாஷி. விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். அடியில் மேடு கட்டி அதன்மேல் வரைவது தாக்கா. டிராகனின் செதில் விரலில் தட்டுப்படும். சிப்பி ஓட்டைப் பதிப்பது ராதென். கீறிப் பொன் நிரப்புவது சின்கின்.

1920களில் நமிக்கி இந்த வேலையைப் பேனாவுக்குக் கொண்டுவந்தது. அப்போதைய எபோனைட் வெயிலில் நிறம் மங்கும். அதற்கு மருந்தாகத்தான் அரக்கு முதலில் வந்தது, அழகு பின்னால் வந்தது. பின்னாளில் நாட்டின் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அறிவிக்கப்பட்ட கோன்ரோக்கு மட்சுதா அங்கே வழிகாட்டினார். 1930இல் லண்டனின் டன்ஹில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. 1931இல் கலைஞர்களைக் கொண்டு கொக்கோக்காய் என்ற குழு அமைந்தது. இன்றும் பைலட்டின் நமிக்கி மாக்கி-எ பேனாவில் குழுவின் பெயர், கலைஞரின் பெயர், சிவப்பில் அவர் குறி மூன்றும் இருக்கும்.

வாங்கும்போது தெரிய வேண்டியது ஒன்று: மாக்கி-எ என்று எழுதியிருப்பதெல்லாம் கைவேலை இல்லை. ‘கிந்தாய் மாக்கி-எ’ என்றால் நவீன மாக்கி-எ. அச்சிட்டு அதன்மேல் கொஞ்சம் பொடி தூவியிருப்பார்கள். இது ஏமாற்று இல்லை, நிறுவனங்கள் வெளிப்படையாகவே சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்கின்றன. பழைய பேனா விற்கும் மூன்றாம் ஆள் அதைச் சொல்ல மறந்துவிடுவதில்தான் சிக்கல். பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரே அளவில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. கையால் தூவிய பொன் ஓரிடத்தில் அடர்ந்து, ஓரிடத்தில் கரைந்து போகும். கையெழுத்து இல்லாத ‘கைவேலை’க்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள்.

மாக்கி-எயை முதல் லிமிடெட்டாக வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஓவியம் இல்லாத தனி நிற உருஷி ஒன்றில் தொடங்குங்கள். வேலையின் தரம் அங்கேதான் ஒளிய முடியாது.

படி 5: வாங்குவது

ஜப்பானுக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் கடையில் வாங்குவதே மேல். கின்சாவின் இத்தோயா 1904இலிருந்து இருக்கிறது. கேட்டால் தட்டு விரித்துப் பேனாவை எடுத்துவைத்து எழுதிப் பார்க்கவிடுவார்கள். பேனாவை வாங்கும்போது ஒரு கையால் பிடுங்காமல் இரண்டு கையாலும் வாங்குங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பெரிய கடைகளில் அவ்வப்போது ‘பேனா கிளினிக்’ நடக்கும். நிறுவனத்தின் நிப் வல்லுநரே வந்து உட்கார்ந்து, உங்கள் கைக்கு ஏற்ப நிப்பைச் சீர்செய்து தருவார். விலையில் 10% விற்பனை வரி அடக்கம். சுற்றுலாப் பயணிகளுக்கு அது கிடையாது, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். 2026 நவம்பரிலிருந்து முதலில் வரியோடு வாங்கி, புறப்படும்போது திரும்பப் பெறும் முறைக்கு மாறுகிறார்கள்.

இங்கிருந்து வாங்குவதானால் இரண்டு வழி. வெளிநாட்டுக்கு அனுப்பும் கடைகளில் நேரடியாக வாங்கலாம். அனுப்பாத கடைகளுக்கும் ஏலத் தளங்களுக்கும் இடையாள் சேவை வேண்டும். அவர்கள் தங்கள் ஜப்பான் முகவரியில் வாங்கி நமக்கு அனுப்புவார்கள். அவர்களின் கட்டணம், உள்ளூர்த் தபால், வெளிநாட்டுத் தபால், அப்புறம் நம் சுங்கவரி. வரி பேனா விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்கு. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், வாங்கும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘கிஃப்ட் என்று போட்டு அனுப்புங்கள்’ என்று கேட்காதீர்கள். அது பொய். தவிர, வழியில் காணாமல் போனால் அந்தப் பொய் விலைக்குத்தான் இழப்பீடு கிடைக்கும்.

அதிகம் பேர் மோதும் பேனாக்களுக்குக் கடைகள் ‘சூசென்’ வைக்கின்றன, அதாவது குலுக்கல். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மறுநாளே இரண்டாம் கைச் சந்தையில் அதே பேனா ஏறிய விலையில் நிற்கும். அன்று வாங்காதீர்கள். ஆறு மாதம் பொறுங்கள். ஆர்வம் தணிந்தவர்கள் ஒவ்வொருவராக விற்க வருவார்கள்.

இரண்டாம் கைச் சந்தைக்குச் சில சொற்கள். மிஷியோ என்றால் பயன்படுத்தாதது. பிஹின், நல்ல நிலை. கென்ஜோ-ஹின், ‘இருக்கிறபடி’, குறை இருந்தால் உங்கள் பாடு. ஜங்கு என்றால் சொல்லவே வேண்டாம், காயலான்கடை. நிப் அகலத்துக்கு கொக்குபோசோ மிக மெல்லியது, ஹோசோஜி எஃப், சூபோசோ எம்எஃப், சூஜி எம், ஃபுத்தோஜி பி.

இன்னொரு சொல், நா-இரே. இதை நான் கற்றுக்கொண்ட கதை உண்டு. ஏலத்தில் பயன்படுத்தாத கஸ்டம் ஒன்று, நம்பமுடியாத விலை. மொழிபெயர்ப்புக் கருவி விவரத்தில் ஒரு வரியை ‘பெயர் உள்ளே’ என்று காட்டியது. பெட்டியில் நிறுவனத்தின் பெயர் இருக்கும் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பேனா வந்தது. மூடியில் பொன்னெழுத்தில் யாரோ ஒருவரின் பெயர், அழகாகப் பொறித்து. பணி ஓய்வுப் பரிசாக இருந்திருக்கும். விற்றவர் ஒளிக்கவில்லை, நான்தான் படிக்கவில்லை. அந்தப் பேனா இன்னும் என்னிடம் இருக்கிறது, நன்றாகவும் எழுதுகிறது. அதில் எழுதும்போதெல்லாம் அந்த மனிதர் ஏன் கடைசிவரை எழுதவே இல்லை என்ற யோசனை வரும்.

படி 6: பெட்டி வந்ததும்

மை ஊற்றாதீர்கள். முதலில் வெளிச்சத்தில் மூடியின் வாயைச் சுற்றிப் பாருங்கள். மயிரிழை விரிசல் அங்கேதான் வரும். பூதக்கண்ணாடியில் நிப்பின் இரு பாதிகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, நுனியில் உருண்டை இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா பாருங்கள். கழுத்தில் உலோக வளையம் இருந்தால் அரிப்பு உண்டா பாருங்கள். பேனாவின் வரிசை எண்ணும் சான்றுத் தாளின் எண்ணும் ஒன்றுதானா? பைலட் நிப்பில் சின்னதாக ஓர் எண் இருக்கும்: 518 என்றால் 2018 மே மாதம் செய்தது. 2010இல் வந்த சிறப்புப் பதிப்பில் 518 இருந்தால் நிப் மாற்றப்பட்டிருக்கிறது. ‘பயன்படுத்தாதது’ என்று வந்த பேனாவின் கன்வர்ட்டரில் நீலக் கறை இருந்தால் படம் எடுத்துவைத்துக்கொண்டு அன்றே எழுதுங்கள்.

எல்லாம் சரி என்றால் வெறும் நிப்பை மையில் தோய்த்து நாலு வரி எழுதிப் பாருங்கள். நுனி சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும், பேனாவுக்குள்ளும் மை போகாது.

படி 7: வைத்துக்கொள்வது

லிமிடெட் பேனாவில் எழுதுவதா, பூட்டி வைப்பதா? நான் எழுதுகிறேன். ஆனால் மையைப் பார்த்து: சாதாரண நீலம், நீலக்கறுப்பு போன்ற கழுவினால் போகிற மைகள் மட்டும். மினுமினுப்புத் துகள் மையும் பிக்மென்ட் மையும் சாதாரணப் பேனாவுக்கு. ஒளி ஊடுருவும் பேனாவில் அடர் சிவப்பு, ஊதா மைகளை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், கறை போகாது. மூன்று நிறுவனங்களின் கன்வர்ட்டரும் கார்ட்ரிட்ஜும் ஒன்றுக்கொன்று பொருந்தா. திணித்துப் பார்த்துக் கழுத்தை உடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

நமிக்கி எம்பரர் போன்ற பெரிய பேனாக்களில் மை நேரே உடலுக்குள்ளேயே போகும். பள்ளியில் சொட்டுக் குழாயால் மை ஊற்றியவர்களுக்குப் பழகிய விஷயம்தான். ஜப்பானியர் அதில் ஒரு அடைப்பு சேர்த்திருக்கிறார்கள். பேனாவின் வால் குமிழைத் திருகி மூடினால் மை நிப்புக்கு வராது, சட்டைப் பை தப்பிக்கும். நீண்ட நேரம் எழுதும்போது குமிழை இரண்டு திருகு திறந்துவையுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பக்கத்தில் மை நின்றுபோய், பேனா கெட்டுவிட்டதாக நினைப்பீர்கள்.

அரக்குக்கு எதிரி வெயில். ஜன்னலோரக் கண்ணாடி அலமாரி கூடாது. எபோனைட்டுக்கும் அதுவே, தண்ணீரில் ஊறவிட்டால் பழுப்பேறும். அரக்குப் பேனாவோடு சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டுக் காற்றுப்புகாமல் மூடுகிறார்கள் சிலர். ஈரத்தில் பிறந்த பொருள் அது, ஒட்ட உலர்த்தக் கூடாது. செல்லுலாய்டைத் தனியே, காற்றோட்டமாக வையுங்கள். மூடிய டப்பாவுக்குள் அது விடும் ஆவி தன்னையும் கெடுக்கும், பக்கத்துப் பேனாக்களின் உலோகத்தையும் கெடுக்கும். நெருப்பும் எளிதில் பற்றும்.

பெட்டி, வெளி உறை, சான்றுத் தாள், கடை ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு விற்க நேர்ந்தால் விலையில் நல்ல பங்கு அந்த அட்டைப் பெட்டிக்குத்தான். ஒரு நோட்டில் ஒரு பேனாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கிய தேதி, கொடுத்த மொத்தத் தொகை (வரியோடு), நிப் அகலம், வரிசை எண், இதுவரை ஊற்றிய மைகள் என்று எழுதிவைக்கிறேன். எந்தப் பக்கத்தை எழுதுகிறேனோ அந்தப் பேனாவாலேயே எழுதுவது என் வழக்கம். போன தீபாவளிக்கு அந்த நோட்டைப் புரட்டினேன். பதினான்கு பக்கத்தில் மூன்று பேனாவுக்கு ‘ஊற்றிய மைகள்’ என்ற இடம் வெறுமையாக இருந்தது. இரண்டை விற்றுவிட்டேன். மூன்றாவது இப்போது மேசையில் இருக்கிறது, நீலக்கறுப்பு நிரப்பி.